ஸ்டியரிங் இறுகினால் யாரிடம் சொல்வது?

வியாபாரிகளாகிய நாம் கார் வாங்கப் போனால் மூன்று கேள்விகள் கேட்போம். கடைசி விலை என்ன? லீட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? நாளை விற்றால் என்ன கிடைக்கும்? நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை நம்மில் பலர் கேட்பதில்லை. "இந்த மொடலில் குறை இருக்கிறதென்று கம்பனி எப்போதாவது திருப்பி அழைத்திருக்கிறதா? அழைத்திருந்தால் அந்த வேலை இந்தக் காருக்குச் செய்யப்பட்டதா?" இதுதான் அந்தக் கேள்வி. முதல் மூன்றும் நமது பணத்தைப் பற்றியவை. நான்காவது நமது உயிரையும், பின் சீட்டில் அமரும் மனைவி மக்களின் உயிரையும் பற்றியது.

கொழும்பில் சிறிய கார் இல்லாமல் இன்று வியாபாரம் இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் பெரிய வாகனத்தைத் திருப்ப முடியாது. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. 2015 ஜனவரியில் வந்த இடைக்கால பட்ஜட்டில் ஆயிரம் சீசீக்குக் குறைந்த கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. அந்த ஒரே வருடத்தில் பதிவான கார்களின் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. முச்சக்கர வண்டியில் சாமான் ஏற்றிய பலர் காருக்கு மாறினார்கள். பலர் லீசிங்கில் எடுத்து வாடகைக்கும் ஓட விட்டார்கள்.

அந்தக் கார்களுக்கெல்லாம் இப்போது பத்து வயது கடந்துவிட்டது. இடையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இந்த ஐந்து வருடமும் பழைய காரையே ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டியிருந்தது. புதுப் பாகம் கிடைக்காத இடத்தில் கழற்றிய பாகம் போட்டோம். கழற்றிய பாகமும் கிடைக்காத இடத்தில் கடைசல் பட்டறையில் கடைந்து போட்டோம். இப்படி ஓடிய வாகனங்களில் நான் கேள்விப்படும் முறைப்பாடுகளில் அதிகமானது ஸ்டியரிங் பற்றியது. "திருப்பும்போது திடீரென்று கல்லாக இறுகுகிறது", "ஒரு பக்கம் இழுக்கிறது", "வளைவில் கடகடவென்று சத்தம்", "மஞ்சள் லைட் எரிந்து எரிந்து அணைகிறது". இவற்றையெல்லாம் கராஜில் சொன்னால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்."

இரண்டு வகைக் கோளாறு

இந்த விடயத்தில் முதலில் ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். இன்றைய சிறிய கார்களில் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவுவது ஒரு மின் மோட்டார். நாம் சக்கரத்தைத் திருப்பும் பலத்தை ஒரு சென்சர் அளக்கிறது. அந்த அளவுக்கு ஏற்ப மோட்டார் கைகொடுக்கிறது. சென்சர், மோட்டார், வயர், பற்றரி இவற்றில் ஏதாவது பழுதானால் அந்த உதவி நின்றுவிடும். ஆனால் ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. பலத்தைப் போட்டு இழுத்தால் வண்டி திரும்பும். இங்கே ஆபத்து, இறுக்கம் திடீரென்று வருவதுதான். வயதானவரோ, கைப்பலம் குறைந்த பெண்ணோ வளைவின் நடுவில் அதைச் சமாளிக்க முடியாமல் போகலாம்.

இரண்டாவது வகை இரும்பிலேயே வரும் கோளாறு. ஸ்டியரிங் தண்டு, கியர் பொக்ஸ், டை ரொட், அதன் முனையிலுள்ள போல் ஜொயின்ற் ஆகியவை தேய்வதும் வெடிப்பதும் கழல்வதும் இந்த வகை. இவை அறுந்தால் எவ்வளவு பலம் போட்டாலும் பிரயோசனமில்லை. கையில் சக்கரம் சுற்றும், வண்டி தன் பாட்டில் போகும். கடலோரத்தில் நிறுத்தும் வண்டிகளில் உப்புக் காற்றால் துரு சீக்கிரம் ஏறும். மூட்டை மூடியிருக்கும் இறப்பர் உறை கிழிந்துவிட்டால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய் வேலையை முடித்துவிடும். இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் "வீல் அலைன்மென்ட் பண்ணினால் சரி" என்று அனுப்பி விடுவதே நமது கராஜ்களில் பெரும்பாலும் நடக்கிறது.

ஆயிரம் பேர் சொன்னது

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் செவ்ரோலே கோபோல்ட் என்ற சிறிய காருக்கு நடந்ததை நமது வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டும். ஓடும்போது பவர் ஸ்டியரிங் நின்றுவிடுகிறது என்று அதன் சொந்தக்காரர்கள் அரசாங்கத்தின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு ஒவ்வொருவராக எழுதினார்கள். முறைப்பாடுகள் 1,100ஐத் தாண்டின. 14 விபத்துகளும் அவற்றில் சொல்லப்பட்டிருந்தன. 2010 ஜனவரியில் அந்த நிறுவனம் விசாரணையைத் தொடங்கியது. மார்ச் மாத ஆரம்பத்திலேயே கம்பனி சுமார் 13 இலட்சம் கார்களைத் திருப்பி அழைத்து மோட்டாரை மாற்றிக் கொடுப்பதாக அறிவித்தது. ஒருவர் சொன்னால் அது கதை, ஆயிரம் பேர் சொன்னால் அது சாட்சி என்பதற்கு இதுவே ஆதாரம்.

அதே காரில் இதைவிடப் பாரதூரமான இன்னொரு குறையும் இருந்தது. சாவி போடும் சுவிட்சின் உள்ளே இருக்கும் பாகம் பலவீனமானது. சாவிக்கொத்து பாரமாக இருந்தாலோ, வண்டி குலுங்கினாலோ சுவிட்ச் தானாக விலகிவிடும். இயந்திரம் நிற்கும், பவர் ஸ்டியரிங் போகும், மோதினால் காற்றுப்பையும் விரியாது. ஆரம்பத்தில் கம்பனிக்குள் இதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே கணக்கெடுக்கவில்லை. வாடிக்கையாளரின் வசதி சம்பந்தப்பட்ட விடயம் என்று ஒதுக்கினார்கள். பிறகு 2006இல் அந்தப் பாகத்தைத் திருத்தினார்கள். ஆனால் பாகத்தின் இலக்கத்தை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே இலக்கத்தில் இருந்ததால் குறையைத் தேடியவர்களுக்கு வருடக்கணக்காக உண்மை அகப்படவில்லை. 2014இல்தான் சுமார் 26 இலட்சம் கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. நட்டஈட்டு நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015 செப்டெம்பரில் கம்பனி 900 மில்லியன் டொலர் கட்ட உடன்பட்டது. பாகத்தின் விலையோ 57 சதம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் பேசப்பட்டது.

பொருளை மாற்றிவிட்டு இலக்கத்தை மாற்றாமல் விடுவது என்ன என்பது பெட்டியை மாற்றி, லேபலை மாற்றி விற்பதைப் பார்த்த நமக்குப் புதிதாக விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

நமது வீதிகளில் ஓடுபவை

அமெரிக்கக் கார் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சரி, ஜப்பானைப் பார்ப்போம். 2012 நவம்பரில் டொயோட்டா கம்பனி உலகம் முழுவதும் சுமார் 27 இலட்சத்து 70 ஆயிரம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. அதில் பாதிக்கும் மேல் ஜப்பானில் விற்கப்பட்டவை. கொரோலாவும் பிரியஸும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஸ்டியரிங் தண்டை கியர் பொக்ஸோடு இணைக்கும் துண்டு போதிய அளவு கெட்டிப்படுத்தப்படவில்லை என்பது காரணங்களில் ஒன்று. மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங்கை அடிக்கடி பலமாகக் கடைசி வரை திருப்பினால் அதன் பற்கள் தேயலாம் என்று கம்பனியே சொன்னது. மெதுவாகப் போய், கடைசி வரை திருப்பி, பின்னால் எடுத்து, மறுபடியும் திருப்புவது! வெள்ளவத்தை ஒழுங்கையில் நாம் தினமும் பத்துத் தடவை செய்வது அதைத்தானே?

இந்தியாவின் மாருதி சுசுக்கியும் இப்படிச் செய்திருக்கிறது. 2013 ஒக்டோபர் 19ஆம் திகதி முதல் 26 வரை செய்யப்பட்ட 1,492 கார்களை ஸ்டியரிங் தண்டுக்காக அழைத்தது. எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர், ஏ-ஸ்டார் ஆகியவை அவை. 2023 ஜூலையில் எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ ஆகிய இரண்டிலும் 87,599 வாகனங்களை டை ரொட்டுக்காக அழைத்தது. 2024 ஓகஸ்ட்டில் 2,555 ஓல்டோ கே10 கார்களை ஸ்டியரிங் கியர் பொக்ஸ் கோளாறுக்காக அழைத்தபோது, பாகத்தை மாற்றும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று சொந்தக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. கடைசி இரண்டும் நமது நாட்டில் கார் இறக்குமதி நின்றிருந்த காலத்தில் நடந்தவை. ஆகவே இவற்றைச் சொல்லி யாரும் தங்கள் ஓல்டோவை நடுரோட்டில் விட்டுவிடத் தேவையில்லை. படிப்பினை வேறு.

அந்தப் படிப்பினை இதுதான். திருப்பி அழைக்கும் கம்பனி கெட்ட கம்பனி அல்ல. குறையில்லாத பொருளைச் செய்வது மனிதனால் ஆகாத காரியம். குறை தெரிந்த பிறகு என்ன செய்கிறான் என்பதில்தான் வியாபாரியின் தராதரம் தெரியும். ஒரு வாரத்தில் செய்த 1,492 காரையும் எண்ணித் தேடிப் பிடிப்பவனிடம் கணக்குப் புத்தகம் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

நமக்குக் கடிதம் வராது

இனி நமது நிலைமைக்கு வருவோம். முகவரிடம் புத்தம் புதிதாக வாங்கிய காருக்கு விலாசம் இருக்கிறது. திருப்பி அழைத்தால் முகவர் தேடி வரலாம். ஆனால் நம்மில் பெரும்பாலானோர் ஓட்டுவது ஜப்பானில் பாவித்து, ஏலத்தில் வாங்கி, இங்கே கொண்டுவந்த ரீகண்டிஷன் கார். ஜப்பானில் கம்பனி கடிதம் அனுப்புவது அந்த நாட்டில் பதிவாகியிருக்கும் சொந்தக்காரருக்கு. ஏற்றுமதியான அன்றே அந்தப் பதிவு அறுந்துவிடுகிறது. கொட்டாஞ்சேனையில் அந்தக் கார் ஓடுவது அந்தக் கம்பனியின் புத்தகத்தில் இல்லை. அங்கே இலவசமாகச் செய்து கொடுக்கும் வேலை இங்கே செய்யப்படாமலே வண்டி மூன்று கை, நான்கு கை மாறுகிறது.

அரசாங்கப் பரிசோதனை இருக்கிறதே என்று சொல்வார்கள். லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காருக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் எடுக்க 2008 முதல் புகைப் பரிசோதனை வந்தது. அதோடு காப்புறுதியும் இருந்தால் சரி. புகையை அளக்கிறோம், ஸ்டியரிங்கை யாரும் ஆட்டிப் பார்ப்பதில்லை. வருடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் வீதியில் போகும் நாட்டில் இது போதுமா?

இந்தியாவில் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, சொந்தக்காரர்களின் முறைப்பாடுகள் ஓர் எண்ணிக்கையைத் தாண்டினால் திருப்பி அழைக்கும்படி கம்பனிக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நாமும் அதைக் கேட்க வேண்டும். அதுவரை கையில் இருப்பதைப் பாவிப்போம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டப்படி வாங்குபவர் தானே பார்வையிட்டு வாங்கினால், பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காகப் பிறகு விற்றவரைப் பிடிப்பது கடினம். ஆகவே ஆளைக் கொண்டுபோய்ப் பார்ப்பதாக இருந்தால், கீழே படுத்துப் பார்க்கத் தெரிந்த ஆளைக் கொண்டுபோக வேண்டும். பெயின்ட் பார்க்கிற ஆள் போதாது.

விற்பவர் நாமென்றால்

இதுவரை வாங்குபவருக்காகப் பேசினேன். ஆனால் இந்தப் பத்தியை வாசிப்பவர்களில் விற்பவர்களும் இருக்கிறார்கள். கார் இறக்குபவர்கள், இடையில் நின்று கமிஷன் பேசுபவர்கள், பஞ்சிகாவத்தையில் பாகம் விற்பவர்கள், கராஜ் நடத்துபவர்கள். இந்தத் துறையில் நமது சமூகத்தின் கை பெரிது. ஆகவே கேள்வியும் நம்மை நோக்கியே வருகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்றவரைக் கண்டித்த சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். அந்த வியாபாரி ஈரத்தை உண்டாக்கவில்லை. மழை நனைத்தது. அவர் செய்தது மறைத்தது மட்டுந்தான். ஸ்டியரிங் கோளாறும் அப்படியே. அதை உண்டாக்கியது நாமல்ல, ஏதோ ஒரு தொழிற்சாலை. ஆனால் எச்சரிக்கை லைட்டின் பல்பைக் கழற்றிவிட்டு விற்பது நமது கை. தேய்ந்த போல் ஜொயின்ற்றுக்குக் கிரீஸ் அடித்து ஒரு மாதத்துக்குச் சத்தம் வராமல் பண்ணுவதும் நமது கை. மீற்றரைக் குறைப்பது பற்றிச் சொல்லவே தேவையில்லை.

குறையுள்ள பொருளைச் சொல்லாமல் விற்றால், குறை தெரிந்ததும் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது நமது பிக்ஹு சட்டத்தில் ஒரு தனிப் பாடம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் பங்காளி, குறையுள்ள துணியொன்றைக் குறையைச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியவில்லை. இமாமவர்கள் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளாமல் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. துணியில் குறையிருந்தால் போவது பணம். ஸ்டியரிங்கில் குறையிருந்தால்?

"குறையைச் சொன்னால் எவன் வாங்குவான்?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். லீசிங், கடை வாடகை, பிள்ளைகளின் செலவு எல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு டை ரொட் முனையும் அலைன்மென்ட்டும் செய்யும் செலவு, ஒரு காரின் விலையோடு பார்த்தால் எந்த மூலைக்கு? செய்துவிட்டு பில்லைக் காட்டி விற்றால் அந்தச் செலவை விலையில் எடுக்கலாம். அடுத்த வாடிக்கையாளரையும் அவரே கூட்டி வருவார். மறைத்து விற்றவரைத் தேடி முதலில் வருவது வாடிக்கையாளர், பிறகு பொலிஸ்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குறை சொல்வதிலும் நீதி வேண்டும். ஒருவருடைய வண்டியில் வந்த பழுதை வைத்து ஒரு மொடலையே "மரணப் பெட்டி" என்று போனில் பரப்புவது பிழை. கேட்ட செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பள்ளத்தில் விழுந்து டை ரொட் வளைந்ததற்குக் கம்பனி பொறுப்பல்ல. ஆகவே முறைப்பாட்டை முறையாக எழுதுங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், செசி இலக்கம், என்ன வேகத்தில் என்ன நடந்தது, என்ன லைட் எரிந்தது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது. இப்படி எழுதிய பத்துக் கடிதத்துக்கு இருக்கும் பெறுமதி, பத்தாயிரம் வாய்ப்பேச்சுக்கு இல்லை.

செய்யக்கூடியவை

வாங்குமுன் செசி இலக்கத்தை எடுத்து, கம்பனியின் திருப்பி அழைத்த பட்டியலில் தேடிப் பாருங்கள். ஜப்பான் கம்பனிகள் தங்கள் இணையத்தளத்தில் இந்த வசதியை வைத்திருக்கின்றன. ஜப்பான் மொழி தெரியாவிட்டால் பிள்ளைகள் போனிலேயே மொழிபெயர்த்துத் தருவார்கள். இறக்குமதியாளரிடம் ஏலத் தாளைக் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங் லைட் எரிந்து, இயந்திரம் இயங்கியதும் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். வண்டியை உயர்த்தி, முன் டயரை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இறப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடும்போது ஸ்டியரிங் இறுகினால் பதறாமல் இரண்டு கையாலும் பலமாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள். ஓடும் வண்டியின் சாவியை அணைக்காதீர்கள். மறுபடி ஸ்டார்ட் பண்ணியதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அது சுகமல்ல, எச்சரிக்கை. ஸ்டியரிங் பாகத்தில் மட்டும் கழற்றியதையோ கடைந்ததையோ போடாதீர்கள். சீட் உறையில் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

நமது வர்த்தகச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மாதமொருமுறை கூடி வரியையும் டொலரையும் பற்றிப் பேசுகிறோம். அதே மேசையில் ஒரு கொப்பியை வையுங்கள். எந்த மொடலில் என்ன முறைப்பாடு வந்தது என்று எழுதுங்கள். ஒரே குறை பத்துப் பேரிடமிருந்து வந்தால் முகவருக்கும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் சங்கத்தின் பெயரால் எழுதுங்கள். கார் இறக்கும் சகோதரர்கள் தாங்கள் இறக்கிய வண்டிகளின் செசி இலக்கங்களையும் வாங்கியவரின் தொலைபேசியையும் பத்து வருடத்துக்காவது வைத்திருந்தால், ஜப்பான் அனுப்பாத கடிதத்தை அவர்களே அனுப்பலாம்.

விற்றதோடு நமது பொறுப்பு முடிந்துவிட்டது என்று ரசீது சொல்லலாம். மறுமையில் ரசீதைக் காட்டித் தப்ப முடியாது. உண்மை பேசி, குறையை எடுத்துக் காட்டி நடக்கும் வியாபாரத்தில்தான் பரக்கத் இருக்கிறதென்று நம்புகிறவர்கள் நாம். அந்த நம்பிக்கை கார் யார்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் நுழைய வேண்டும். அல்லாஹ் நம் அனைவரையும் வீதியில் பாதுகாப்பானாக, நமது கொடுக்கல் வாங்கலிலும் நேர்மையைத் தருவானாக.